திரும்பி வந்த ஊர்வலம்: தெபுஸியும் காற்றிசை பேண்டும்

ஆர்கெஸ்ட்ராவுக்கென இயற்றப்பட்டதைக் காற்றிசை பேண்டுக்கு மாற்றி எழுதும் பணியை மூலத்தின் மங்கிய நகல் என்று மதிப்பிடுவது மேலை இசை வரலாற்றாய்வில் நெடுநாள் வழக்கம். குளோது தெபுஸியின் ‘நாக்டர்ன்ஸ்’ தொகுப்பிலுள்ள ‘ஃபேத்’, அதாவது ‘விழாக்கள்’, அவ்வழக்கத்திற்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. தொகுப்பின் முதல் இரு பகுதிகள் 1900 டிசம்பர் 9 அன்று பாரிசில் அரங்கேறின. ‘ஃபேத்’ அவற்றுள் இரண்டாவது.

விழாவின் ஆரவாரம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று எல்லாம் அடங்குகிறது. டிம்பனியும் ஹார்ப்பும் விரலால் மீட்டப்படும் தந்திகளும் மெல்லிய நடைத் தாளத்தைத் தொடங்க, மியூட் பொருத்திய மூன்று டிரம்பெட்டுகள் தொலைவிலிருந்து கேட்கின்றன. ஓர் ஊர்வலம் நெருங்கி வந்து, விழாவோடு கலந்து, கரைந்து போகிறது. புலோன் வனப்பூங்காவில் தாம் கண்ட விழாவும் அங்கே அணிவகுத்து வந்த பேண்டும் இதற்குத் தூண்டுதல் என்று தெபுஸி நண்பர் ஒருவரிடம் கூறியதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அச்செய்தியை ஏற்றால், தெபுஸியே முதலில் ஒரு மாற்றெழுத்தைச் செய்துவிட்டார்: தெருவின் பேண்டை ஆர்கெஸ்ட்ராவாக்கினார். பின்னர் வந்தவர்கள் அதைப் பேண்டிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

பேண்டு இசை அந்நகரில் அன்றாடப் பொருள். அடோல்ஃப் சாக்சின் கருவிகள் 1845இல் ஷான் த மார்ஸ் மைதானத்துப் போட்டியில் வென்றபின் பிரெஞ்சு இராணுவ பேண்டுகளின் ஒலியே மாறியது. இசைத்தட்டு பரவாத காலத்தில், அரங்கிற்குக் கட்டணம் தர இயலாதோர் பலர் ஆர்கெஸ்ட்ரா இசையைப் பூங்கா மண்டபங்களில் பேண்டு வழியாகவே அறிந்தனர். தெபுஸிக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. சதுக்கங்களும் உலாச்சாலைகளும் இராணுவ பேண்டுகளுக்கே உரிமையாகிவிட்டதைத் திறந்தவெளி இசை பற்றி 1901இல் எழுதிய கட்டுரையில் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். (‘இம்ப்ரெஷனிசம்’ என்ற முத்திரையையும் அவர் வெறுத்தார் என்பது வேறு கதை. நாம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.)

ஊர்வலம் திரும்பி வரும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. மூலத்தில் டிரம்பெட்டுகள் தொலைவில் இருப்பதாகத் தோன்றக் காரணம் மியூட் மட்டுமன்று. அதுவரை காதை நிறைத்தவை பெரும்பாலும் தந்திகளும் மரக்குழல்களும். டிரம்பெட்டு வேறோர் உலகிலிருந்து வரும் அந்நியனாக ஒலிக்கிறது. பேண்டில் அந்த அந்நியம் கிடையாது. அங்கே எல்லாமே மூச்சால் ஒலிப்பவை. வந்து சேர்பவனும் வரவேற்பவனும் ஒரே குடும்பம். வயலின்களின் இடத்தில் கிளாரினெட்டுகளை வைத்து ஒவ்வொரு சுரத்தையும் சரியாகப் பெயர்த்தாலும் ஊர்வலம் முதலிலேயே அரங்கிற்குள் நின்றுகொண்டிருக்கும். தேர்ந்த மாற்றெழுத்தாளர் அதனால் பேண்டின் பெருமையையே ஒடுக்க வேண்டியிருக்கிறது: பித்தளைக் கருவிகளை முன்பகுதியில் முடிந்தவரை காத்து வைத்தல், ஒரு வரிக்குப் பத்துப் பேர் ஊதும் இடத்தில் ஒருவரை மட்டும் விடுதல், சாக்சபோனின் தடித்த நிறத்தைத் தள்ளிப்போடுதல். இவை மூல இசைவரியில் எங்கும் எழுதப்படாத முடிவுகள்.

சுருதி மாற்றம் இன்னொரு கண்ணி. 1894இல் அரங்கேறிய ‘ஃபானின் பிற்பகலுக்கு முன்னிசை’ பெரும்பாலும் ஈ மேஜரைச் சார்ந்து நிற்பது. அதே சுருதியில் வைத்தால் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஆறு ஷார்ப்புகள், ஆல்டோ சாக்சபோனுக்கு ஏழு. அரைச்சுரம் இறக்கினால் முன்னதற்கு ஒரே ஃபிளாட், பின்னதற்கு எதுவுமில்லை. விரல்கள் நன்றி சொல்லும். ஆனால் படைப்பைத் தொடங்கிவைக்கும் புல்லாங்குழலின் சி ஷார்ப், ஏறத்தாழ எல்லாத் துளைகளும் திறந்திருக்க ஊதப்படுவது. அதன் வெளிறிய, காற்று கலந்த குரலே அப்படைப்பின் முதல் அடையாளம். அரைச்சுரம் இறங்கினால் அது சி ஆகிறது, விரலமைப்பு மாறுகிறது, குழல் தெளிந்து பேசுகிறது. தெளிவு அங்கே கேடு. வாசிப்பவருக்குக் கடினமானாலும் மூலச் சுருதியே தகும் என்பது என் கருத்து.

எனவே இத்துறையில் ஆய்வேடு எழுத முனையும் மாணவர்கள் மூலத்தையும் மாற்றெழுத்தையும் சுரம் சுரமாக ஒப்பிட்டு ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. ‘ஃபேத்’தின் ஊர்வலம் தொடங்கும் பக்கத்தைத் திறந்து, அங்கே யாருக்கெல்லாம் ஓய்வுக்குறி இடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.