ரைபிள் கட்டை: தேர்வும் பொருத்துதலும்

போல்ட் வகை ரைபிளின் குழலையும் இயக்கப் பகுதியையும் தாங்கிச் சுடுபவர் தோளோடு இணைக்கும் அங்கமே கட்டை. கோல லங்காட் மாவட்டத்துத் தெலுக் பங்லிமா காராங் போன்ற, ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் ஊர்களில், மரக்கட்டை நீரை உறிஞ்சிப் பருத்துக் குழலை ஒருபுறமாக அழுத்துவதால், நேற்றுச் சரியாக விழுந்த குண்டு இன்று விலகி விழுவது சகஜமே.

மலாயா அவசரகாலத்தில் (1948–1960) பயன்பட்ட லீ-என்ஃபீல்டு ரைபிளில் கட்டை இரண்டு துண்டுகளாலானது. பின்கட்டை நீண்ட போல்ட்டொன்றினால் இறுக்கப்படும். முன்கட்டையின் பின்முனையோ உதைப்பைத் தாங்குவதாகையால், அங்கே மரமும் இரும்பும் நெருங்கிப் படிவது அத்தியாவசியம். அம்மரம் பிளவாதிருக்கவே இந்தியாவின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை குறுக்குத் திருகாணி பூட்டியது. அது மிகவும் விவேகமான ஏற்பாடு.

புதுக்கட்டை வாங்குவோர் வால்நட் மரத்தின் அழகில் மயங்காமல், இப்பிரதேசத்துச் சீதோஷ்ணத்திற்கேற்ற ஒட்டுப்பலகையையோ கண்ணாடியிழையையோ நாடுவதே உசிதம். ஒரே துண்டாலான கட்டையாயின், இயக்கப் பகுதியில் மெழுகு பூசி, அப்பகுதியின் உதைப்பு தாங்கும் முனைக்குப் பின்னே எபாக்ஸி பசையை நிரப்பி, திருகாணிகளை மிதமாக முடுக்கி, பசை இறுகும்வரை அசைக்காது வைத்தல் வேண்டும். பின்னர் குழலுக்கும் கட்டைக்கும் இடையே காகிதத் துண்டொன்று தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பர். சிக்குமிடத்தைச் சீவி, அவ்விடத்தில் மெருகெண்ணெய் பூசுவர்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கவும் பழுதுபார்க்கும் தொழில் நடத்தவும் உரிமம் தேவை.