படியெடுத்தோர் தவறவிட்ட சிவப்பு: ஜப்பானியக் கவசமும் அதன் பிரதிகளும்

தோக்கியோவின் மேற்கு விளிம்பில், ஓமே நகரை அடுத்த மித்தாகே மலைமீது ஒரு ஷிந்தோ கோயில் இருக்கிறது. அதன் கருவூலத்தில் ஒரு சிவப்புக் கவசம் காக்கப்படுகிறது. 1191இல் ஹதகெயாமா ஷிகெததா என்னும் படைத்தலைவர் காணிக்கையாக அளித்தது என்பது கோயில் மரபு. ஜப்பான் அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்துள்ளது. குதிரைமீதிருந்து அம்பெய்யும் வீரனுக்கென உருவான 'ஓயொரொய்' என்னும் பெருங்கவச வகையில் நல்ல நிலையில் எஞ்சியவை மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. 1903இல் இக்கவசத்தைப் பழுதுபார்த்தனர். இற்றுப்போன இடங்களில், செயற்கைச் சாயம் ஏற்றிய புதுப் பட்டு நாடாக்களைக் கோத்தனர். அன்றைக்குப் பழைய சிவப்பும் புதிய சிவப்பும் ஒன்றெனவே தோன்றியிருக்க வேண்டும். இன்று அப்படி இல்லை. 1903இன் நாடாக்கள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டன. மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த 'அகானே' என்னும் கொடியின் வேரில் தோய்ந்த எண்ணூறாண்டுப் பழைய நாடாக்களோ சிவப்பாகவே இருக்கின்றன.

கைவினைக் கலைச்சொற்கள் மொழிவிட்டு மொழி பெயரும்போது எவை நழுவுகின்றன என்பது என் ஆய்வுப்பொருள். அதன்பொருட்டுச் சென்ற ஆண்டு முழுவதும் ஜப்பானியக் கவசச் செய்முறை நூல்களோடு உழன்றேன். அவற்றின் ஊடாக எனக்குக் கிடைத்த ஒரு வரலாற்றுக் கேள்வியையே இங்கு எழுதுகிறேன்: படியெடுப்பவன் எதைக் காப்பாற்றுகிறான்?

சாமுராய்க் கவசத்தைப் 'பிரதி' செய்வது திரைப்படக் கலை இயக்குநர்களோ மேலைநாட்டு ஆர்வலர்களோ தொடங்கிய பொழுதுபோக்கு என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அதைத் தொடங்கியவர்கள் சாமுராய்களே. 1543இல் தனெகாஷிமா தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி நுழைந்தது. பெரும் காலாட்படைகள் மோதிய அந்நூற்றாண்டில் கவசமும் மாறியது: ஆயிரக்கணக்கான சிறு செதில்களின் இடத்தை அகன்ற இரும்புத் தகடுகள் பிடித்தன, நெருக்கமாகக் கோத்த பட்டு நாடாக்கள் இடைவெளிவிட்ட சில இணைகளாகச் சுருங்கின. பிறகு 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தது. 1638இல் ஷிமபாரா கிளர்ச்சி அடங்கியது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பெரும்போர் என ஒன்று நிகழவில்லை. போர் இல்லை, போர்வீரர் வகுப்பு மட்டும் இருந்தது. அவ்வகுப்புக்குக் கவசம் தேவைப்பட்டது, ஆனால் அணிவதற்கான தருணம் வரவில்லை. 1735இல் முராய் மசஹிரோ என்பவர் 'தன்கி யோர்யாகு' என்ற நூலைப் படங்களுடன் வெளியிட்டார். கவசத்தை உடலில் எந்த வரிசையில் அணிவது என்று சாமுராய்களுக்குச் சொல்லித்தரும் நூல் அது. மரபாகக் கைக்கு வந்திருக்க வேண்டிய ஓர் அறிவைப் பாடநூலாக்க நேர்ந்தது என்பதே அந்நூலின் பெரிய செய்தி.

இந்தச் சூழலில்தான் பழமை மீண்டது. அறிஞரும் ஷோகனின் ஆலோசகருமான அராய் ஹகுசேகி (1657–1725) கோயில்களில் எஞ்சிய பழங்கவசங்களையும் பழைய ஏடுகளையும் ஒப்பிட்டு 'ஹொன்ச்சோ குன்கிகோ' என்னும் படைக்கல ஆய்வை எழுதினார். பெருநிலக்கிழார்கள் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஓயொரொய் வடிவிலேயே புதுக் கவசங்களைச் செய்வித்தனர். வில்நாண் செதில்களில் சிக்காதிருக்க மார்பின்மேல் போர்த்திய வழுவழுப்பான மான்தோல் முதற்கொண்டு எல்லாம் மீண்டும் வந்தன. அக்கவசத்தை அணிந்து குதிரையிலிருந்து அம்பெய்யப் போகிறவர் எவருமில்லை. மான்தோல் மட்டும் தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. மியோச்சின் என்னும் கவசக் கொல்லர் குடும்பம் பழந்தலைக்கவசங்களுக்குத் தன் முன்னோர் பெயரிட்டுச் சான்றிதழ்கள் வழங்கியது. அக்குடும்பத்தின் வம்சாவளியில் பெரும்பகுதி புனைவு என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. பழமைக்குச் சந்தை உருவானால் பழமை உற்பத்தியாகும் என்பதை நம் சாதி வரலாறுகளையும் தலபுராணங்களையும் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போக்கை நேருக்கு நேர் எதிர்த்தவர் சகாகிபாரா கோசான். 1800இல் வந்த அவரது கவசச் செய்முறை நூலை ஒரு சினங்கொண்ட மனிதரின் குரலாகவே என்னால் படிக்க முடிகிறது. நெருக்கக் கோத்த பட்டு நாடாக்களைப் பற்றி அவர் சொல்வதன் சாரம் இது: நனைந்தால் கனக்கும், எளிதில் உலராது, கோடையில் புழுங்கும், குளிர்காலத்தில் உறையும், சேறு புகுந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது, நெடும்படையெடுப்பில் நாற்றமெடுத்து எறும்பும் பேனும் குடியேறும், ஈட்டிமுனையை வழுக்கிவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இத்தனையும் எழுதியவர் போர்க்களம் கண்டவரல்லர்; அவருடைய பாட்டனுக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்காது. ஆயினும் வடிவத்தைப் படியெடுப்பது வேறு, பயனைப் படியெடுப்பது வேறு என்று அவர் கண்டுகொண்டார்.

(கிளைக்கதை ஒன்று. இந்நூலின் ஆங்கிலப் பெயர்ப்பை 1960களின் தொடக்கத்தில் பதிப்பித்தவர் இலண்டன் கோபுரப் படைக்கல அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எச். ரசல் ராபின்சன். 1613இல் ஷோகன் ஹிதெததா இங்கிலாந்தின் முதலாம் ஜேம்சுக்கு அனுப்பிய கவசங்களும் அங்குதான் சென்றன. நாராவின் இவாய் யொஸாயெமோன் கைவேலை அவை. அந்த நூற்றாண்டு முடியும் முன்பே அவற்றின் பிறப்பிடம் மறந்துபோய், முகலாயப் பேரரசர் அனுப்பியவை என்று கோபுரத்தில் பதிவாயிற்று. அருங்காட்சியகப் பெயர்ச்சீட்டை நம்பும் பழக்கத்தை இதைப் படித்த அன்றே கைவிட்டேன்.)

சகாகிபாராவின் பக்கம் நிற்பது எளிது. நானும் சில மாதங்கள் நின்றேன். என் நிலை மாறியது ஒரு செதில் பலகையைக் கையால் செய்ய முயன்றபோது.

பெருங்கவசத்தின் அடிப்படை அலகு 'கொஸானே' என்னும் செதில். ஏழெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள, பதப்படுத்தாத மாட்டுத்தோல் அல்லது இரும்புத் துண்டு. தலைப்பகுதி சரிவாக வெட்டியிருக்கும். இரு வரிசையில், ஒன்றில் ஏழும் மற்றதில் ஆறுமாகப் பதின்மூன்று துளைகள். ஒவ்வொரு செதிலும் அடுத்ததன் பாதியை மூடுமாறு அடுக்குவதால் எந்த இடத்திலும் இரட்டைக் கனம் கிடைக்கும். எடை குறைய, முக்கியமான பகுதிகளில் மட்டும் இரும்பும் தோலும் மாறிமாறி வரும். ஒரு முழுக் கவசத்துக்கு ஈராயிரம் செதில்களை ஒட்டித் தேவை. நான் செய்தது நாற்பது. தில்லியில் தோலக் செய்யும் ஒருவரிடம் எருமைத்தோல் வாங்கித் தமரூசியால் துளையிட்டேன்: ஐந்நூற்றிருபது துளைகள். முதல் பத்துச் செதில்களின் தலையைச் சரிவின்றி நேராக வெட்டியதால் மேலடுக்கின் துளைகள் கீழடுக்கோடு பொருந்தவில்லை; அந்தச் சரிவு அழகுக்கானது என்று நினைத்திருந்தேன்.

செய்முறை வரிசையை நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. செதில்களை முதலில் தோல்வாரால் வரிசையாகப் பிணைக்க வேண்டும். பிணைத்த வரிசைமீது 'உருஷி' பூச வேண்டும். அது இறுகிய பின்னரே வரிசைகளைப் பட்டு நாடாவால் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும். பூச்சு ஒப்பனைதானே என்று நான் அதைத் தவிர்த்தேன். பட்டுக்கு ஆய்வு உதவித்தொகை இடந்தராததால் பருத்திக் கயிற்றில் கோத்து, மே மாதத்தில் பலகையைச் சுவரில் மாட்டினேன். இரும்புபோல் நின்றது. ஜூலையில் மழை தொடங்கியதும் செதில்கள் ஈரம் வாங்கி இளகின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நெளிந்தது. ஆடி முடிவதற்குள் அது கவசமாக இல்லை, வாடிய வாழைச்சருகாக இருந்தது.

உருஷியை 'அரக்கு' என்று எழுதுவதைத் தமிழிலும் இந்தியிலும் காண்கிறோம். அரக்கு ஒரு பூச்சியின் கசிவு. உருஷி ஒரு மரத்தின் பால். அது நீர் வற்றி உலர்வதில்லை. ஈரமான காற்றில்தான் வேதிவினை நிகழ்ந்து இறுகுகிறது. ஆகவே கைவினைஞர்கள் ஈரப்பதம் கூட்டிய அலமாரியில் வைத்து அதை இறுக்குவார்கள். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். நம் சேராங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் அம்மரத்தின் குடும்பத்தினவே. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து எடுத்த 'கஷூ' என்னும் பூச்சு இன்று ஜப்பானில் உருஷிக்கு மாற்றாகப் பிரதிக் கவசங்களில் பயன்படுகிறது. சொல்லை 'அரக்கு' என்று பெயர்த்த கணத்திலேயே இவ்வளவும் நழுவிவிடுகிறது. தோல் செதிலைக் கவசமாக்குவதே அப்பூச்சுதான் என்பதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. ஜூலை மழை சொன்னது.

நாடாக் கோப்பின் பெயரும் அவ்வாறே. 'ஒதொஷி' என்பது கயிற்றை ஊடாகச் செலுத்துதல் என்ற பொருளில் பிறந்த சொல். ஒலி ஒன்றாக இருப்பதால் அச்சுறுத்தலைக் குறிக்கும் எழுத்தால் அதை எழுதினர். பிறகு அவ்வெழுத்தோடு 'நூல்' குறியைச் சேர்த்து ஜப்பானிலேயே ஒரு புதிய எழுத்தையும் படைத்தனர். எழுத்தை மட்டும் பார்த்தால் பகைவனை அஞ்சவைக்கும் அலங்காரம் என்று தோன்றும். கோத்துப் பார்த்தவனுக்கோ அது நகரும் மூட்டு: வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து ஏற, அடியை வாங்கிக்கொண்டு தளர இடந்தரும் பொறியமைப்பு.

இந்த இடத்தில்தான் சகாகிபாராவோடு எனக்கு வேறுபாடு. அவர் ஏளனம் செய்த மறுமலர்ச்சிக் கவசங்கள் போருக்கு உதவாதவைதாம். ஆனால் செதில் அடுக்கும் முறையும் நெருக்கக் கோப்பின் வரிசையும் கையிலிருந்து கைக்கு மாறிவர அந்த 'உதவாத' வேலையே களமாக இருந்திருக்கிறது. பயனை மட்டும் பார்த்திருந்தால், தகட்டுக் கவசம் வந்தபோதே அவ்வறிவு அற்றுப்போயிருக்கக்கூடும். பிரதியாளர்கள் வடிவத்தைக் காத்தனர். வடிவத்தோடு அதைச் செய்யும் கையசைவும் உடன்வந்தது.

சாயம் மட்டும் உடன்வரவில்லை. நாடா எத்தனை, துளை எங்கே என்பதைப் பழங்கவசத்தைப் பார்த்து எண்ணிவிடலாம். சிவப்பு எதனால் ஆனது என்பதைக் கண்ணால் எண்ண முடியாது. சிவப்பாக இருந்தால் போதும் என்று கண் ஒப்புக்கொண்டுவிடும். அகானே வேரில் ஆழ்ந்த சிவப்பு பெறுவது கடினமான தொழில். இடைக்காலத்தின் முடிவுக்குள் அது அருகிவிட்டது. வடபுலத்தில் கஸுனோ போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் எஞ்சியது. இதைக் கவனித்த ஆட்சியாளர் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு வியப்பு: ஷோகன் தொகுகாவா யோஷிமுனே 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 10ஆம் நூற்றாண்டின் 'எங்கிஷிகி' சட்டத்தொகுப்பில் உள்ள சாயக் குறிப்புகளைக்கொண்டு பழஞ்சாயங்களை மீண்டும் செய்துபார்க்க ஆணையிட்டார். மித்தாகே கவசத்தை எதோவுக்கு வரவழைத்துப் பார்த்தவரும் அவரே. அந்த முயற்சி பொதுத்தொழிலாக வேரூன்றவில்லை. 1903இன் பழுதுபார்ப்பாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் காலத்தின் மிகப் புதிய சாயத்தை நல்லெண்ணத்தோடுதான் பயன்படுத்தியிருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது சரியான சிவப்பு.

இன்று ஜப்பானில் தேசியச் செல்வங்களுக்கு எடுக்கும் மீட்டுருவாக்கப் பிரதிகளில் மூலத்தின் பொருளையும் செய்முறையையும் கண்டறிந்து அவ்வழியே செய்ய முயல்கிறார்கள். வேரும் சாம்பல்நீரும் அப்பணியில் திரும்பி வந்துள்ளன.

என் பலகையில் நாற்பதில் இருபத்தேழு செதில்கள் இன்னும் பயன்படும் நிலையில் உள்ளன. பருத்திக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். முந்திரி எண்ணெய்ப் பூச்சு கிடைத்ததும் வரிசைகளைப் பிணைத்துப் பூசி, இம்முறை ஒரு முழத்துக்கேனும் பட்டு நாடாவே கோக்க எண்ணம். அகானே இங்கு கிடைக்காது. அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த நம் சோழமண்டலக் கரைச் சாயவேர் பருத்தியில் சிவப்பேற்றிப் புகழ்பெற்றது. பட்டில் எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சாயவேரில் கைப்பழக்கமுள்ளவர்களை நண்பர்கள் அறிந்திருந்தால் உள்பெட்டியில் தெரிவிக்க வேண்டுகிறேன். வேர் வாங்குமிடத்தைவிட, அதைக் கொதிக்கவைத்த அனுபவமுள்ள ஒருவரைச் சந்திப்பதே எனக்கு முதல் தேவை.