கட்டாஃப் இறங்கினால் கட்டணம் ஏறும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்தர்களுக்கு ராமானுஜர். அரசியல் தெரிந்தவர்களுக்கு 1991 மே 21. மற்றவர்களுக்கு ஹூண்டாய். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் மட்டும் இன்னொன்றும் கண்ணில் படும். மஞ்சள் பஸ். காலை ஏழரை மணிக்குப் பூந்தமல்லி தாண்டி நின்று பாருங்கள். கம்பெனி பஸ் ஒன்று, காலேஜ் பஸ் இரண்டு என்ற விகிதத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை நகர்ந்துகொண்டிருக்கும்.

ஃபேக்டரிகள் வந்தன, பின்னாலேயே கல்லூரிகள் வந்தன என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. உல்டா. இன்று பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது 1985ல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது 1998ல். அதற்கு முந்தைய வருடமே தண்டலத்தில் ராஜலட்சுமி கல்லூரி வந்தாகிவிட்டது. நெடுஞ்சாலை ஓரம், சென்னைக்குப் பக்கம், சல்லிசான நிலம். கார் கம்பெனிக்கு எது தேவையோ அதேதான் காலேஜ் கட்டுகிறவருக்கும் தேவை. அவர் கொஞ்சம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, 1985ல் காலேஜ் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது?

அதுவரை தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் என்றால் கிண்டி, கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், காரைக்குடி, சேலம், திருச்சி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அரசுக் கல்லூரி, இல்லையென்றால் அரசு உதவி பெறும் கல்லூரி. கட்டணம் அற்பம், இடம் அதைவிட அற்பம். மார்க் சுமாராக எடுத்த பையனுக்கு இரண்டே வழி. அப்பாவிடம் காசு இருந்தால் கர்நாடகா. இல்லாவிட்டால் பி.எஸ்ஸி. அங்கே நன்கொடை வாங்கிக்கொண்டு சீட் கொடுக்கும் தனியார் கல்லூரிகள் எப்போதோ வந்துவிட்டன.

நம் பணம் ஏன் ஓசூர் தாண்டிப் போகவேண்டும்? எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தார்கள். வேலூரில் இன்றைய வி.ஐ.டி., பெருந்துறையில் கொங்கு, சிவகாசியில் மெப்கோ, கோவையில் குமரகுரு. எல்லாமே 1984ல் பிறந்தவை. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அதே 1984ல்தான். பணம் உள்ளவனுக்குப் புதுக் கதவு, மார்க் உள்ளவனுக்குப் புது வாசற்படி. இரண்டும் இல்லாதவனைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அடுத்த காட்சி, டெல்லி. 1992ல் மோகினி ஜெயின் வழக்கு. கர்நாடகத்தில் மருத்துவம் படிக்க அரசு இடத்துக்கு வருடம் இரண்டாயிரம் ரூபாய், வெளி மாநிலத்துப் பெண்ணுக்கு அறுபதாயிரம் ரூபாய். இது நியாயமா என்பது கேள்வி. நியாயமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே வருடம் தமிழ்நாட்டிலும் நன்கொடைக்குத் தடைச் சட்டம் வந்தது. 1993ல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு ஒரு ஃபார்முலா கொடுத்தது. பாதி சீட் இலவச சீட், அரசுக் கல்லூரிக் கட்டணம். மீதிப் பாதி பேமென்ட் சீட், கூடுதல் கட்டணம். மார்க் வாங்கியவனுக்கு முதல் பாதி, குறைந்தவனுக்கு இரண்டாவது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் படித்தது பி.காம். எனவே ஒரு கணக்கு போடாமல் விட மனம் வரவில்லை. நுழைவுத் தேர்வில் மார்க் வாங்குகிறவன் யார்? பெரும்பாலும் நகரத்தில் நல்ல பள்ளியில் படித்து, கோச்சிங் கிளாஸ் போனவன். வசதி உள்ளவன். பின்தங்கியவன்? கிராமத்துப் பள்ளிக்காரன். முதலாமவனின் இலவச சீட்டுக்கு இரண்டாமவன் பணம் கட்டினான். வீட்டுப் பத்திரம் பேங்க்குக்குப் போனது. பத்து வருடம் இந்தக் கூத்து நடந்தது. 2002ல் டி.எம்.ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து உன்னிகிருஷ்ணன் திட்டத்தை ரத்து செய்தார்கள். அப்போது நீதிமன்றமே சுட்டிக்காட்டிய விஷயம் இது.

நடுவே 1997ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. நான் பிளஸ் டூ முடித்த வருடம். நமக்குக் காமர்ஸ் குரூப் என்பதால் வேடிக்கை மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தடிக்கு ஒரு குடும்பம். அம்மா கையில் புளிசாதம், அப்பா கையில் டி.டி. உள்ளே திரையில் காலி இடங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். முந்நூறுக்கு எத்தனை என்பதுதான் பையனின் பெயரே. பிளஸ் டூ மார்க் 200, நுழைவுத் தேர்வு 100. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அந்த நுழைவுத் தேர்வை எடுத்தது 2007ல். இப்போது கட்டாஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

2000களின் பிற்பாதியில் ஐ.டி. அலை. பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. பிறகு அலை வடிந்தது. 2018 கலந்தாய்வில் பாதிக்கும் மேல் இடங்கள் காலி. பல கல்லூரிகள் மூடப்பட்டன. கம்ப்யூட்டர் சயின்ஸ் புண்ணியத்தில் கடைசி சில வருடங்களாக மறுபடியும் கூட்டம்.

இந்த இடத்தில் நம் சுமார் மார்க் பிள்ளை மறுபடி வருகிறான். அவனுக்காக முப்பது வருடச் சண்டையில் மிஞ்சியது ஓர் ஏற்பாடு. சுயநிதிக் கல்லூரியில் 65 சதவீத இடம் அரசு ஒதுக்கீடு, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மீதி நிர்வாகத்துக்கு. அரசு ஒதுக்கீட்டுக்குக் கட்டணக் குழு 2017ல் வைத்தது வருடம் 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000. இதெல்லாம் காகிதத்தில். பஸ், ஹாஸ்டல், 'டிரெய்னிங்' என்று வருவதெல்லாம் தனி. ரசீது இல்லாமல் வாங்குவது அதைவிடத் தனி.

பிளஸ் டூ பரீட்சை முடிவதற்குள் வீட்டுக்கு போன் வரும். "சீட் போயிடும் சார், அட்வான்ஸ் கட்டிடுங்க." கட்டிவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் சீட் காலியாகக் கிடந்த வருடங்களிலும் கட்டினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கட்டினார். ஆகஸ்டில் அதே கல்லூரி, அதே பிரிவு, அவர் பையனைவிடக் குறைந்த கட்டாஃபுக்குக் கலந்தாய்வில் கிடைத்தது. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. போனது அது மட்டுமா? குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு, 2010லிருந்து. கலந்தாய்வு வழியாகப் போனால்தான். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 2021லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. நிர்வாக சீட் வாங்கியவர் இதையெல்லாம் பேப்பரில் படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி. அரசு ஒதுக்கீட்டில் மெக்கானிக்கலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு ஓடும்போது மெக்கானிக்கலில் கட்டாஃப் இறங்கிவிடுகிறது. பேர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் மார்க்குக்கு, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கலாம். ஹூண்டாய், ரெனோ நிஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக நிற்கும் ஊரில் மெக்கானிக்கல் சீட் காலியாகக் கிடந்தது என்பதை எந்த நாட்டுக்காரரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்.

ஆனால் அந்தத் தொழிற்சாலைகளையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ., டிப்ளமோ. 2006ல் வந்த நோக்கியா, பிளஸ் டூ முடித்த பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்தது. வரித் தகராறில் சிக்கி, 2014 நவம்பர் 1ல் பூட்டிக்கொண்டது. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவன் மூன்று வருடத்தில் டிப்ளமோவோடு ஒரகடத்தில் வேலைக்கு நிற்கலாம், அல்லது நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். சுமார் மார்க்குக்கு இருக்கும் வழிகளிலேயே மலிவானது இது. நம் வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் பட்டியலைக் கேளுங்கள். ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. ஒன்றிரண்டு அல்ல, 200க்கும் மேற்பட்ட கல்லூரிகள் சம்பந்தப்பட்ட விவகாரம்.

அப்புறம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் காஞ்சிபுரத்துக்கு முன்னால் பொன்னேரிக்கரை. அங்கே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று இருக்கிறது. கட்டணம் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவு. அதற்கு விளம்பரப் பலகை கிடையாது, போன் செய்து கூப்பிடவும் ஆள் கிடையாது. கலந்தாய்வுப் பட்டியலில் நீங்களாகத்தான் தேடவேண்டும்.