சலனப்படத்திலிருந்து நிலைப்படம் எடுத்தல்

சலனப்படத்திலிருந்து நிலைப்படம் எடுத்தல் என்பது, வீடியோவாகப் பதிவான காட்சியொன்றை வேண்டிய கணத்தில் நிறுத்தி, அக்கணத்திற்குரிய ஒற்றைச் சட்டகத்தை வீட்டுக் கணினியிலேயே தனிப் புகைப்படமாகச் சேமித்துக்கொள்ளும் முறையாகும். பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபாலை அடுத்துள்ள பைராம் தோட்டம் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, பின்னர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இம்முறை விசேஷப் பிரயோஜனமுடையது. அடையாள அட்டைப் படமொன்றைத் தவிர வேறு புகைப்படமே இல்லாத பாட்டனோ பாட்டியோ, 1980களில் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாண வீடியோவில், பந்தியின் ஓரத்தில் ஓரிரு விநாடி திரும்பிச் சிரித்திருக்கக்கூடும். அந்தச் சிரிப்பை மீட்டுத் தருவதற்கு இதைவிட எளிய உபாயம் வேறில்லை.

அக்காலத்து வீடியோக்கள் பெரும்பாலும் வி.எச்.எஸ். நாடாக்களில் பதிவானவை. ஜப்பானில் 1976இல் அறிமுகமான இந்நாடா, மலேசியாவில் வழங்கிய ‘பால்’ (PAL) என்னும் ஒளிபரப்பு முறைப்படி விநாடிக்கு 25 சட்டகங்களைக் காட்டும். ஒரு சட்டகத்தின் 625 வரிகளில் 576 வரிகளே சித்திரத்தைத் தாங்குவன. அவ்வரிகளும் ஒருங்கே பதிவாகாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பகுதிகளாய், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. ஆகவே, தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கிச் செல்பவர் சுழன்றாடும் தருணத்தில் படத்தை நிறுத்தினால், காவடியின் விளிம்புகள் சீப்பின் பற்களைப்போல் பிளந்து தோன்றும். கணினியில் இவ்விரு பகுதிகளின் வரிகளைச் சீராக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியை முதலில் இயக்கிவிட்டுப் படம் எடுத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். நாடாவைக் கணினிக்குக் கொணர, ஓடும் நிலையிலுள்ள பழைய பிளேயரும், யு.எஸ்.பி. வழியே இணையும் ஒரு பதிவுக் கருவியும் வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் நாடாவும் பிளேயரும் ஒருங்கே பழுதாகும். அத்தகைய நாடாவைப் பழகிய கைகளிடம் ஒப்படைப்பதே விவேகம்.

வீடியோ கணினிக்கு வந்தபின் வேலை சுலபம். இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. செயலியில் காட்சியை நிறுத்தி, ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்த அழுத்த, படம் ஒவ்வொரு சட்டகமாக முன்னேறும். விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையுடன் ‘எஸ்’ விசையைச் சேர்த்து அழுத்தினால், அச்சட்டகம் ‘பிக்சர்ஸ்’ கோப்புறையில் பதிவாகிவிடும். திரை முழுவதையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையால் பிடிப்பதும், கைப்பேசியால் திரையையே படமெடுப்பதும் பலரும் செய்வனவாயினும், முன்னது திரையின் அளவுக்கேற்பச் சித்திரத்தை மாற்றிவிடுகிறது. பின்னதிலோ திரையின் பளபளப்பும் கோணலும் சேர்ந்துகொள்கின்றன. மூல வீடியோவின் அளவிலேயே எடுத்த பிரதிதான் நம்பத்தக்கது.

எந்தச் சட்டகத்தைத் தேர்வது என்பதிலேதான் பொறுமை வேண்டும். விநாடிக்கு 25 சட்டகங்கள் இருப்பதால், ஒருவர் தலைதிருப்பும் நேரத்திற்குள் கண்மூடிய படமும், கலங்கிய படமும், தெளிந்த படமும் அடுத்தடுத்து வந்துபோகும்; அசைவு முடிந்து உடல் ஒரு கணம் நிலைகொள்ளும் இடமே பெரும்பாலும் தெளிவானது. கணினிக் கோப்புகளில் சில சட்டகங்கள் மட்டுமே முழுமையாகவும், ஏனையவை முந்தியதிலிருந்தோ பிந்தியதிலிருந்தோ வேறுபட்ட அம்சங்களாக மட்டுமே பதிவாவதும் உண்டாகையால், அருகருகே உள்ள இரண்டு சட்டகங்களின் தெளிவு ஒன்றாகவே இருக்குமென்று எண்ணலாகாது. நான்கைந்து சட்டகங்களைச் சேமித்து, பிறகு ஒப்பிட்டுத் தேர்வது நல்லது.

சேமிக்கும்போது, விவரம் எதையும் இழக்காத பி.என்.ஜி. வடிவமே மூலப்பிரதிக்கு ஏற்றது. ஜேபெக் வடிவத்தை உறவினர்க்கு அனுப்பும் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். அச்சிடுவதில் எல்லை அறியவேண்டும். இக்காலத்து 1920க்கு 1080 புள்ளி வீடியோவின் சட்டகம், அங்குலத்திற்கு 300 புள்ளியாக அச்சிட்டால் ஆறங்குல அகலத்திற்குச் சற்று மேல் வரும். பழைய நாடாவின் 768க்கு 576 புள்ளிச் சட்டகமோ இரண்டரை அங்குலமே தேறும். நாளிதழ் நினைவஞ்சலிக்கு அது போதும். நடுக்கூடத்தில் மாலையிட்டு மாட்டும் பெரிய படத்திற்குப் போதாது. செயற்கை நுண்ணறிவால் அதைப் பெருக்கித் தரும் செயலிகள் இன்று கிடைக்கின்றன. அவை இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புவதால், முகம் அழகாகவும் அந்நியமாகவும் ஆகிவிடுகிறது. இறந்தோர் படத்தை அவ்விதம் திருத்துவது தகாது என்பதே இக்கட்டுரையாசிரியரின் திடமான அபிப்பிராயம்.

சொந்த வீடியோவிலன்றி, பாதுகாப்புப் பூட்டுள்ள திரைப்படச் சேவைகளில் இவ்வாறு எடுத்தால் பெரும்பாலும் கரிய திரையே கிட்டும். பிறர் படைப்புகளை வெளியிடுவது மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு உட்பட்டது.

படத்தைச் சேமித்தவுடனே, அதிலுள்ளவர் பெயர், உறவுமுறை, இடம், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது அவசியம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றாக வாழ்ந்து, முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்திக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.