வைப்பாற்றங்கரையில் ஒரு சாத்து

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தைப் பேருந்தில் கடப்பவர்களில் பலருக்குத் தாம் ஓர் ஆற்றைக் கடக்கிறோம் என்பதே தெரிவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அங்கே ஓடும் நீர் கிடையாது. மணல் மேடுகளும் சீமைக்கருவேல மரங்களும் தேங்கிய கழிவுநீருமே கண்ணில் படும். ஆயினும் அதிகாலையில் அவ்வழியே போனால், மருத்துவர் சொன்னார் என்பதற்காக நாலைந்து பேராகச் சேர்ந்து நடக்கும் முதியவர்களைக் காணலாம். ஒரு நாள் அவர்களோடு நானும் நடந்தேன். உடல்நலத்திற்கான அந்த நடை ஒரு வரலாற்று வகுப்பாக மாறியதையும், அதனால் என்னுள் எழுந்த கவலையையும் இங்கே பதிவு செய்யத் தோன்றுகிறது.

'சாத்து' என்ற பழஞ்சொல்லுக்குச் சேர்ந்து வழிநடக்கும் வணிகர் கூட்டம் என்று பொருள். சாத்தூரின் பெயரை அச்சொல்லோடு பிணைத்துப் பார்க்க ஆசை எழுகிறது. சாத்தன் என்ற தெய்வப் பெயரும் அதற்கு உரிமை கோரும் என்பதால் நான் வழக்காட வரவில்லை. ஆனால் இந்த ஆற்றை ஒட்டி மனிதர் வாழ்ந்தும் நடந்தும் வந்த காலம் மிக நீண்டது என்பதில் ஐயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, கரிசல் நிலத்தின் ஊடாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைச் சேர்வது வைப்பாறு. சாத்தூருக்கு மேற்கே, இதன் வடகரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. நுண்கற்கருவிகளும் சுடுமண் பொருட்களும் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. அவற்றோடு சங்கு வளையல்களும் ஏராளமாகக் கிடைத்தன. கடலுக்கு இவ்வளவு தொலைவில் சங்கறுத்து வளையல் செய்தவர்களுக்குச் சங்கு எவ்வழியே வந்திருக்கும்? இதே ஆற்றோரத்தைப் பிடித்து நடந்து வந்தவர்களின் தலைச்சுமையாக என்று எண்ண இடமிருக்கிறது.

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையில் இருக்கிறது இருக்கன்குடி. இரு கங்கைகள் கூடும் குடி என்பது பெயர்க்காரணமாகச் சொல்லப்படுகிறது. நீராட நீரின்றித் தவித்த பாண்டவர்களுக்காக அர்ச்சுனன் கங்கையை வேண்டி அம்பெய்து வரவழைத்த ஆறே அர்ச்சுனா நதி என்பது தலக்கதை. ஆற்றின் பிறப்புக் கதையிலேயே தண்ணீர்த் தவிப்பு இருப்பதைக் கவனியுங்கள். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனைத் தரிசிக்கப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவது இன்றும் தொடர்கிறது.

"இப்பத்தானே தம்பி தார் ரோடு. எங்க ஆத்தா கூட நான் போனப்போ ஆத்து மணல்தான் பாதை" என்றார் எங்களோடு நடந்த மூதாட்டி. பிறகு கரையோரம் ஓரிடத்தில் நின்று கையை நீட்டினார். "இங்கனதான் ஊத்துத் தோண்டுவோம். ஒரு முழம் தோண்டினாப் போதும், தண்ணி கண்ணாடியா ஊறும். சிரட்டையால மோந்து குடத்துல ஊத்துவோம்." அவர் காட்டிய இடத்தில் ஞெகிழிப் பைகள் குவிந்து கிடந்தன. உடன் வந்த பெரியவர், தீப்பெட்டி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர், "அதுக்குக் கிழக்கே ஆண்கள் துறை, அக்கா" என்று திருத்தினார். இருவருக்கும் சிறிது வாக்குவாதம் நடந்தது. எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு நிலப்படத்தைப் பற்றிய வாக்குவாதம் அது.

வறட்சி இந்த மண்ணுக்குப் புதிதன்று. சொல்லப்போனால் அந்த வறட்சியே சிவகாசியை ஆக்கியது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்த பட்டாசும் அச்சும் வேரூன்ற, வறண்ட காற்றும், வானம் பார்த்த பூமியில் வேலையின்றி நின்ற கைகளும் காரணமாயின. ஆனால் வறட்சி வேறு, மறதி வேறு. நீர் ஓடாத மாதங்களிலும் மணலுக்கடியில் ஆறு இருக்கிறது என்று அன்றைய மக்கள் அறிந்திருந்தார்கள். மணல் அள்ளப்பட்டு, குழாய்க்குடிநீரும் வீடுகளுக்கு வந்தபின், அந்த அறிவுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. தேவையற்ற ஆறு ஊரின் குப்பைமேடாவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. விருதுநகரில் கௌசிகா நதிக்கு நேர்ந்ததும் இதுவே.

கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்திற்கு 1995இல் சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. கேரளம் ஏற்கவில்லை. வராத நீருக்காகக் காத்திருந்த இத்தனை ஆண்டுகளில், இருக்கும் ஆற்றை நாம் எப்படி வைத்திருந்தோம் என்ற கேள்வியும் உண்டல்லவா?

தென்கொரியத் தலைநகர் சியோலில், மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் மீட்கப்பட்ட சொங்கேச்சொன் ஓடையின் கரையில் முதியவர்கள் நடக்கும் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்த ஓடையின் நீர் பெருமளவு இயந்திரத்தால் இறைத்து விடப்படுவது. அது நமக்கு இயலாது, வேண்டியதுமில்லை. நமது ஆறு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஓடும் ஆறு. அதை அப்படியே அறிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். முதியோர் நலம் என்றால் மாத்திரையும் உதவித்தொகையும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களோடு சேர்ந்து நடப்பதும், நடக்கையில் கேட்பதும், கேட்டதை எழுதி வைப்பதும் நம் கடமைகளுள் ஒன்றாகாதா? வெம்பக்கோட்டையின் ஈராயிரம் ஆண்டுப் பழைமையை மண்ணைத் தோண்டி எடுத்துவிட முடிகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஊற்றுக்குழியை எந்தத் தோண்டலும் காட்டாது. அதற்கு அந்த மூதாட்டியின் நீட்டிய கை வேண்டும். இது ஆறு என்று சொல்ல ஆளில்லாத நாளில், இதைத் தரிசு நிலம் என்று யாரேனும் எழுதிவிட்டால் மறுப்பது எப்படி?

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. பாலத்தருகே தேநீர் குடித்தோம். துறை எங்கே இருந்தது என்பதில் அவர்களிடையே அப்போதும் உடன்பாடு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் மூத்தவர் ஒருவரை அழைத்து வந்து தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவருக்கு வயது தொண்ணூறு. மெதுவாகத்தான் நடப்பாராம். நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.