மூன்றாவது நாடா

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகும் எவரும் பல்லவரிடமிருந்து தொடங்குவதே வழக்கம். கடிகைக்குக் கற்க வந்து, பூசலுற்று, வாளெடுத்துக் கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மனின் கதை வரும், தாளகுண்டாக் கல்வெட்டு வரும், அப்புறம் கைலாசநாதர். இவற்றில் நமக்கும் ஈடுபாடு உண்டு. ஆயினும் இம்முறை, மிக அண்மையில் நிகழ்ந்ததும், அதனினும் விரைவாக மறக்கப்பட்டு வருவதுமான ஈராண்டுக் காலத்தையே எடுத்துக்கொள்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டது முதல் 2021 நவம்பரில் சிறு வகுப்புகளுக்குக் கதவு திறந்தது வரையிலான காலம் அது. அக்காலத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பிள்ளை எங்கே அமர்ந்திருந்தது? நம் கேள்வி இவ்வளவுதான்.

முந்தைய ஆண்டை நினைவில் கொண்டால்தான் அந்த அமைதியின் கனம் விளங்கும். 2019 ஜூலை முதல் தேதி தொடங்கி ஆகஸ்டு 17 வரை காஞ்சி உறங்கவே இல்லை. அனந்தசரசுக் குளத்தினின்று நாற்பது ஆண்டுக்கொருமுறை எழுந்தருளும் அத்திவரதர், 1979க்குப் பிறகு மீண்டும் வெளிவந்து, முதலில் கிடந்த கோலத்திலும் பின்னர் நின்ற கோலத்திலும் காட்சி தந்தார். தெருக்கள் மனிதரால் அடைபட்டன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் செங்கல்பட்டு பிரிந்துபோக, மாவட்டம் சுருங்கிற்று. அடுத்த மார்ச் 7ஆம் தேதி தமிழகத்தின் முதல் கொரோனாத் தொற்று உறுதியானபோது, பாதிக்கப்பட்டவர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர் என்று நாளிதழ்கள் எழுதின. மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. வைகாசிக் கருடசேவைக்கு வீதியில் கால் வைக்க இடமிருக்காத ஊர், அந்த வைகாசியில் வெறிச்சோடிக் கிடந்தது.

இனி, தறி.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் தனித்தனியே நெய்யப்பட்டு ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்பவேண்டும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரால் மூன்றையும் எட்டிப் பிடித்து வேலையை ஓட்ட இயலாது. அருகே ஒரு துணையாள் வேண்டும். கரையோரத்து நாடாவை வாங்கித் தருவதே அவர் வேலை. தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் மனைவியர் அல்லது பிள்ளைகள். விரல் சிறிதாக இருந்தால் இழைக்கு நல்லது என்று ஒரு சமாதானமும் கூடவே வழங்கிவந்தது. (எவ்வளவு கைத்தொழில்களில் இதே சமாதானம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கும்; கம்பளத்துக்கும் இதுவே, தீப்பெட்டிக்கும் இதுவே.)

முன்பணம் பெற்ற குடும்பம் பிள்ளையைத் தறிக்கு அனுப்புவதும், முன்பணம் தீராமலே பிள்ளை வளர்ந்துவிடுவதும் காஞ்சியில் நேற்றைய செய்திகள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் புத்தகத்தில் இருந்தன. பட்டுத்தொழிலில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி 2003 சனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றுடன் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதன் முன்னும் பின்னுமாக மாவட்ட நிர்வாகம், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், 'ரைடு' போன்ற உள்ளூர்த் தொண்டமைப்புகள், மதிய உணவு, இவற்றோடு பெற்றோரின் மனமாற்றம் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பின. எழுப்பியவர்களில் பலர் தாமே அந்தப் பலகையில் அமர்ந்து வளர்ந்தவர்கள். தம் மகன் நாடா பிடிக்கக்கூடாது என்பதை ஒரு வைராக்கியமாகவே அவர்கள் கொண்டிருந்ததை, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பேசிய எவரும் அறிவர்.

அந்த வைராக்கியத்தைத்தான் கொரோனா சோதித்தது.

திருமணங்கள் நின்றன, காந்தி சாலைக் கடைகள் அடைந்து கிடந்தன, கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் வரவில்லை. விடியலில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து, அக்கம்பக்கத்தார் கைகொடுத்து இழை சீர்செய்வது இத்தொழிலின் கட்டாய அங்கம். கூட்டம் கூடலாகாது என்றதும் அதுவும் நின்றது. தறி ஓய்ந்த வீட்டில் தகப்பன் அமர்ந்திருந்தார். பள்ளி ஓய்ந்த பிள்ளையும் அதே அறையில் அமர்ந்திருந்தது. இந்த வீடுகளில் முன்னறை முழுவதும் தறிதான். அது ஓடாதபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு இடமில்லை. அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் 2020இல் வந்தது. நான்காயிரம் இரு தவணையாக 2021இல் வந்தது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலை இறுதியில் கலைக்கப்பட்டது. அதற்கடுத்த பதினோராம் நாள் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது. இதற்கு நாம் உரை எழுத வேண்டியதில்லை.

மாணவனின் பக்கம் என்ன நடந்தது? பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27 என்றார்கள். ஜூன் 1 என்றார்கள். ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9ஆம் தேதி, தேர்வே இல்லை, அனைவரும் தேர்ச்சி என்றார்கள். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது சலுகை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, மூன்று மாதம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக் கடைசியில் காற்றைத் தாண்டியது போன்ற உணர்வு. முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பை எட்டிய வீட்டில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு பொருள் உண்டு; அது தானாகக் கைக்கு வந்தபோது கொண்டாடுவதா கூசுவதா என்று தெரியவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணையவழி வகுப்பு வேறு விஷயம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதிலேதான் சேலைக்கு ஆர்டர் வரவேண்டும், அதிலேதான் இயற்பியலும் வரவேண்டும்.

உதவி எண்கள் இருந்தன. மாணவர்க்கென 14417 என்ற எண்ணை மாநிலக் கல்வித்துறை 2018லேயே ஏற்படுத்தியிருந்தது, 104 இருந்தது, 2020 ஜூலையில் நடுவண் அரசு 'மனோதர்ப்பண்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கிற்று. தற்கொலையைத் தடுக்க 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் 'சிநேகா'வின் அனுபவமும் நமக்கு இருந்தது. ஆனால் எண்ணைச் சுழற்ற ஒரு தனியறை வேண்டுமே? தகப்பனும் தாயும் பாட்டியும் தறியும் இருக்கும் ஒற்றை அறையில், அவர்கள் காதுபட, 'மனசு சரியில்லை' என்று எந்தப் பிள்ளை பேசும்? மனநலம் என்னும் சொல் மருத்துவமனைச் சுவரொட்டிகளில்தான் வாழ்கிறது. வீடுகளில் வழங்குபவை வேறு: உம்மென்று இருக்கிறான், சோறு இறங்கவில்லை, ராத்திரி விழித்தபடி கிடக்கிறாள். இவற்றைக் கேட்டு அறியும் காது குடும்பத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இருந்ததா? இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். நம் வீடுகள் தொற்றுக்குப் புதியவை அல்ல. அம்மை கண்ட வீட்டின் ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை, அயலார் வரத் தடை, அடுப்பில் தாளிப்பு இல்லை, நோயுற்ற பிள்ளையின் அருகே ஒருவர் அமர்ந்து வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே இருப்பார், தலைக்கு நீர் ஊற்றும் நாள் முன்கூட்டியே குறிக்கப்படும். ஒதுக்கிவைத்தலும் உடனிருத்தலும் அங்கே சேர்ந்தே இருந்தன. முடிவு நாள் ஒன்று இருந்தது. அது சடங்காகவும் இருந்தது. 2020இல் வீட்டின் முன் தகரம் அடித்து அறிவிப்பு ஒட்டியபோது ஒதுக்கம் மட்டும் மிஞ்சிற்று. வருடும் கை இல்லை. பெரியம்மை எந்த வகையிலும் விரும்பத்தக்கதன்று. அதை ஒழித்தது தடுப்பூசிதான், வேப்பிலை அன்று. நாம் சொல்வது அந்த வீட்டின் ஒழுங்கை மட்டுமே.

1918இன் இன்ஃபுளுயென்சாவையும் இங்கே நினைக்கலாம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டனர் என்பர் மதிப்பிடுவோர். அவ்வாண்டு இலையுதிர் காலத்து அலை முதியோரைவிட இருபது முதல் நாற்பது வயதினரையே அதிகம் கொண்டுபோயிற்று. பெற்றோர் என்னும் தலைமுறையையே அது அரித்தது எனலாம். அப்போது காஞ்சியின் நெசவுக் குடும்பமொன்றில் ஒன்பது வயதுச் சிறுவராக இருந்தவர் அண்ணாதுரை. பெற்றோரினும் மிகுதியாகத் தொத்தா என்று அவர் அழைத்த இராசாமணி அம்மையாரே அவரை வளர்த்தார். பின்னாளில் குடும்பத்தின் பணமுடையால் பள்ளிப் படிப்பு இடைநின்று, அவர் காஞ்சி நகராட்சியில் எழுத்தராகப் பணிபுரிந்ததும், மீண்டும் படிக்கப்போய்ப் பச்சையப்பன் கல்லூரியை அடைந்ததும் வரலாறு. படிப்பு ஒருமுறை அறுந்தால் முடிச்சிட்டு மேலே நெய்யலாம் என்பதற்கு ஊரிலேயே இவ்வளவு பெரிய சான்று இருக்க, 2021இல் எந்தத் தகப்பனாவது தன் பிள்ளைக்கு இதைச் சொன்னாரா என்று அறிய ஆவலாக இருக்கிறது. அண்ணாவின் சிலைக்கு மாலை இடுவது எளிது. அவர் பள்ளியை விட்டு நின்ற கதையைப் பிள்ளைக்குச் சொல்வது சற்றே கடினம் போலும்.

இனிச் சங்கடமான இடத்துக்கு வருவோம். தறி மீண்டும் ஓடத் தொடங்கியதும் துணையாளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. வீட்டில் ஒரு பிள்ளை சும்மா இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பள்ளியே நேரமற்றுப் போன பதினெட்டு மாதங்களில் 'பள்ளி நேரத்துக்குப் பின்' என்பது எது? நாள் முழுவதுமா? அந்நாளில் சட்டம் எழுதியோர் நினைத்தும் பாராத விடுமுறை இது. குழந்தை உழைப்பு எதிர்ப்பு இயக்கம் தமிழகம், புதுவையின் 24 மாவட்டங்களில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த 818 பிள்ளைகளிடையே மேற்கொண்ட ஆய்வை 2021இல் வெளியிட்டது: தொற்றுக்கு முன் வேலை செய்தோர் 231 பேர், பின்னர் 650 பேர்.

எனினும் கையில் வேலை இருப்பது அந்நாளில் சில பிள்ளைகளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும் என்பதை மறுக்க நமக்கு மனமில்லை. தார் சுற்றியபடி பாட்டியிடம் கதை கேட்பதும், தகப்பனின் எதிரே அமர்ந்து நாடா வாங்கித் தருவதும் வெறுமனே சுவரைப் பார்த்திருப்பதைவிட மேலல்லவா? நம்மிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர், அது குடும்பம் தந்த மருந்து என்கிறார்; மற்றொருவர், அதே மருந்தைக் கொடுத்துத்தான் நூறாண்டு பள்ளியை மறக்கடித்தோம் என்கிறார். பிள்ளை விரும்பி எழுந்துபோக முடிந்ததா என்பதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம் என்பது எம் துணிபு. கடன் இருந்த வீட்டில் எழுந்துபோக முடியவில்லை.

இரண்டாம் அலை இக்கணக்குகளை எல்லாம் கலைத்துப்போட்டது. 2021 மே 29 அன்று, பெற்றோர் இருவரையும் கொரோனாவால் இழந்த பிள்ளைகளுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் ஒருவரை இழந்தோர்க்கு மூன்று இலட்சமும் வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. 1918க்கும் இதற்கும் இடையே அரசு என்பது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு ஒப்பீடு தேவையில்லை. தொற்றுக்கு அது கையாண்ட சட்டமோ இன்னமும் 1897ஆம் ஆண்டினது!

செப்டம்பர் முதல் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளும் நவம்பர் முதல் தேதி மற்றவையும் திறந்தன. அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடியும் ஆடியும் சொல்லிக்கொடுத்தனர். தமிழகச் சிற்றூர்களில் 19,000 பிள்ளைகளைப் போல ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன் குழுவினர், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டதென்றும், அம்மீட்சியில் கால்பங்கு அளவு இம்மாலை வகுப்புகளால் வந்ததென்றும் கண்டனர். கணக்கிட்டது கற்றலைத்தான். ஈராண்டு ஒற்றை அறையில் இருந்த பிள்ளை, பக்கத்துத் தெரு அக்காவின் திண்ணையில் பத்துப் பேரோடு அமர்ந்து உரக்கக் கத்திப் பாடியதில் என்ன மீண்டது என்பதற்கு அளவுகோல் இல்லை. 2022 அக்டோபரில் 14416 என்ற மனநல அழைப்பு எண் நாடெங்கும் வந்தது. நல்லதே, ஆயினும் அந்தத் திண்ணை அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது.

இன்று பிள்ளையார்பாளையத்தில் பகல் வேளையில் நடந்தால் தறியோசை கேட்கிறது, முன்பு போல அடர்த்தியாக அன்று. விசைத்தறிச் சேலைகள் பெருகிவிட்டன. கோர்வை போடத் துணையாள் கிடைப்பதில்லை என்று முதிய நெசவாளர்கள் குறைப்படுகின்றனர். நாம் எட்டிப்பார்த்த வீடொன்றில், கரையோரப் பலகையில் அமர்ந்து நாடாவை வாங்கிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. மகள் எங்கே என்று கேட்டோம். கல்லூரிக்குப் போயிருக்கிறாள், திரும்ப ஆறு மணி ஆகும் என்றார் அவர், நாடாவிலிருந்து கண்ணெடுக்காமல்.