88 சதவீதத்தில் என் பங்கு

என் மருமகள் வேலைக்குப் போய்க்கொண்டே தொழிற்சாலைப் பாதுகாப்பு மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். எல்லாம் ஆன்லைனில்தான். இரவு ஒன்பதரைக்குப் பேரனைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறப்பாள். எனக்கும் தூக்கம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். என் காலத்தில் இதைப் படிக்க வேண்டுமென்றால் கம்பெனி அனுப்பி வைக்க வேண்டும், தரமணியில் உள்ள மத்திய அரசின் பயிற்சி நிலையத்துக்குப் போய் உட்கார வேண்டும். நான் வேலை பார்த்தது போன்ற சின்னத் தொழிற்சாலையிலிருந்து யாரை அனுப்புவார்கள்?

ஒருநாள் பாடம் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கரைப் பற்றி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். சுமார் 75,000 விபத்து அறிக்கைகளை ஆராய்ந்து 1931-ல் ஒரு புத்தகம் எழுதினார். விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால் நடப்பவை, 10 சதவீதம் இயந்திரமும் சூழ்நிலையும் சரியில்லாததால் நடப்பவை, மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்பது அவர் கணக்கு. உலகம் முழுக்கப் பல காலம் இதுவே வேதவாக்காக இருந்தது.

"சரியாத்தானேம்மா சொல்லியிருக்கார்" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க மாமா, அடுத்ததைப் பாருங்க" என்றாள்.

அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் யார் என்று ஆசிரியர் கேட்டார். பெரும்பாலும் அந்தந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர்கள். தன் மேல் பழி வராமல் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதியதைக் கூட்டினால் 88 சதவீதம் வராமல் என்ன செய்யும்?

எனக்குச் சுருக்கென்றது. அப்படிப்பட்ட அறிக்கை ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன்.

1983. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை. பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். இரவு ஷிப்டில் ஒரு பையனுக்குப் பவர் பிரஸ்ஸில் வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. துணியைச் சுற்றி வேனில் ஏற்றி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரலுக்கு 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. காலையில் அறிக்கை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், "தொழிலாளியின் கவனக்குறைவு". கையெழுத்தும் போட்டேன்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்கு மட்டும்தான். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது என்றால் அதற்கு முந்தைய நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1923-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரத்தின் அபாயமான பாகத்துக்குத் தடுப்பு போட வேண்டும், இயந்திரம் ஓடும்போது அது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது. இது நிர்வாகத்தின் கடமை.

ஆனால் எங்கள் மேனேஜருக்கு மனப்பாடமாக இருந்தது 111ஆம் பிரிவு. பாதுகாப்புச் சாதனங்களில் தொழிலாளி வேண்டுமென்றே கை வைக்கக் கூடாது என்பது அது. மார்ச் 4 ஆனால் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உறுதிமொழி எடுப்போம். மறுநாள் பழைய கதைதான். பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டும் என்று 1976-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது ஆயிரம் பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கட்டாயமாக இருந்தது. நாங்கள் முந்நூறு பேர்.

அடுத்த ஆண்டு, 1984 டிசம்பர் 2 இரவு, போபால். விஷவாயு இருந்த தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. இருந்தும், யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டதுதான் காரணம் என்று கம்பெனி வாதாடியது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்த இடத்திலும் பழிபோட ஒரு தொழிலாளியைத் தேடினார்கள்.

அதன் பிறகுதான் 1987 திருத்தம். அபாயகரமான தொழிற்சாலைகளில் தொழிலாளர்களும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு, ஆபத்து நெருங்குகிறது என்று தெரிந்தால் எச்சரிக்கும் உரிமை எல்லாம் வந்தன. 111-க்குப் பக்கத்திலேயே 111-ஏ வந்தது. தன் பாதுகாப்பு பற்றிய தகவலையும் பயிற்சியையும் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது அது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் ஒரு போபால் தேவைப்பட்டது.

போன மாதம் மருமகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு, ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையாம். "உங்க அனுபவத்துல ஏதாவது சொல்லுங்க மாமா" என்றாள். 1983-ஐச் சொன்னேன்.

ஏன் விரல் போச்சு? கை டைக்குள் இருந்தது. ஏன் உள்ளே போச்சு? பீஸைக் கையால்தான் எடுக்க வேண்டியிருந்தது. கை உள்ளே போகும்போது பிரஸ் ஏன் இறங்கிச்சு? தடுப்பு இல்லை. ஏன் இல்லை? கழற்றி வைத்திருந்தோம். ஏன் கழற்றினீங்க? தடுப்பு இருந்தால் ஷிப்டுக்கு வர வேண்டிய எண்ணிக்கை வராது.

யார் கழற்றச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். மேனேஜர் எண்ணிக்கை கேட்டார், கழற்றச் சொன்னவன் நான்.

அவள் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டாள். காரணம் "கவனக்குறைவு" என்று முடிந்துவிட்டதால் அந்தத் தடுப்பு திரும்ப மாட்டப்படவே இல்லை என்பதையும் சொன்னேன். ஆறு மாதத்தில் அதே பிரஸ்ஸில் இன்னொருவருக்கு விரல்நுனி போனது. அந்த அறிக்கையை வேறொருவர் எழுதினார். வாசகம் அதேதான்.

பழைய நண்பர்கள் மூலம் அந்தப் பையனின் நம்பரைப் பிடித்துப் பேசினேன். பையன் என்ன, அவருக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தடுப்பு இல்லாததாலன்னு அன்னைக்கே ஷாப்புல எல்லாருக்கும் தெரியும் சார். பேப்பர்ல மட்டும்தான் வேற மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

மருமகளுக்கு அந்தப் பாடத்தில் நல்ல மார்க். இதைப் படிக்கும் உங்களில் பலரும் சூப்பர்வைசராக, ஃபோர்மேனாக இருந்தவர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.